ஓவர் கொடுக்க நர்ஸுகளைப் பழக்குவது எப்படி?

டூட்டி மாறும்போது நோயாளிகளின் நிலையை அடுத்து வரும் நர்ஸிடம் சொல்லி ஒப்படைப்பதுதான் ஓவர் கொடுப்பது; அதைக் கேட்டுப் பொறுப்பேற்பவர் ஓவர் எடுப்பவர். பல ஆஸ்பத்திரிகளில் இதற்குப் பயிற்சி என்றாலே எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்து, எஸ்பார் (SBAR) என்ற தகவல் சொல்லும் முறையை ஸ்லைடு போட்டுக் காட்டி, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவதுதான். எஸ்பார் நல்ல முறைதான், சந்தேகமில்லை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது, உலக சுகாதார நிறுவனமும் 2007-இல் அதைப் பரிந்துரைத்தது. இப்போது நிலை என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, இனி என்ன செய்யணும், இந்த நாலும்தான். ஆனால் ஸ்லைடு பார்த்து யாருக்கும் பேச்சு மாறிவிடாது. பேசவிட்டுத்தான் பழக்க வேண்டும், அதிலும் ஓவர் எடுப்பவரைத்தான் முதலில்.

இரண்டிரண்டு பேராக நிறுத்துங்கள். கற்பனையாக ஒரு கேஸ் எழுதிக் கொடுங்கள்: சுகர் இருக்கிற 58 வயது அம்மா, காலையில் ஆபரேஷன், இரவு 12 மணிக்கு மேல் சாப்பாடு கிடையாது. பென்சிலின் அலர்ஜி உண்டா, காலை இன்சுலின் போடணுமா நிறுத்தணுமா என்பதை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். எடுப்பவர் கேட்கிறாரா என்று பாருங்கள். "சரி சிஸ்டர்" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தால் அங்கேயே நிறுத்தி மறுபடி செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் தெரியாமல் கேட்காமல் இருப்பதில்லை. இரவு முழுக்க நின்ற சீனியர் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் எப்படிக் கேட்பது என்ற தயக்கம்தான். அதனால் முதல் சுற்றில் இன்சார்ஜ் சிஸ்டரே ஓவர் கொடுக்கட்டும், புதிதாகச் சேர்ந்த பெண் எல்லார் முன்னாலும் அவரிடம் கேள்வி கேட்கட்டும். இது நடக்காத வார்டில் மற்ற பயிற்சியெல்லாம் வீண் என்பது என் கருத்து.

அடுத்தது பேச்சு. "ஸ்டேபிள்தான், பரவாயில்லை" என்பதை ஏற்காதீர்கள். "நேற்று பிபி 130/80, இன்று காலை 6 மணிக்கு 100/60, டாக்டரிடம் சொல்லியாச்சு, மணிக்கொரு முறை பார்க்கச் சொன்னார், அடுத்தது 7 மணிக்கு" என்று வரவேண்டும். எடுப்பவர் முக்கியமானதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். குறிப்பாக, போட்ட மருந்து எது, இன்னும் போடவேண்டியது எது என்பதை.

அப்புறம் உண்மையான வார்டில், கட்டில் பக்கத்தில். ஹெப்பாரினோ (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) இன்சுலினோ பம்பில் ஓடினால் இருவரும் சேர்ந்து ரேட்டைப் படித்து, ஆர்டரோடு ஒப்பிட்டு, பையிலிருந்து கைவரை டியூபைத் தொட்டுப் பார்க்கட்டும். டிரெயின் (காயத்திலிருந்து கசிவை வெளியேற்றும் குழாய்), யூரின் பேக் அளவும் அங்கேயே. ஜெனரல் வார்டில் பக்கத்துக் கட்டில் சொந்தக்காரர்கள் காது கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். எச்ஐவி மாதிரி விஷயங்களை நர்ஸிங் ஸ்டேஷனிலேயே பேசிவிடச் சொல்லுங்கள்.

பயிற்சி பிடித்ததா என்று பார்க்கப் பரீட்சை வேண்டாம். டூட்டி மாறி ஒரு மணி நேரம் கழித்து வார்டுக்குப் போய், "ஏழாம் பெட்டுக்கு இன்னும் என்ன பாக்கி?" என்று கேளுங்கள். ரிப்போர்ட் புக்கைத் தேடினால், அந்த ஜோடிக்கு இன்னொரு சுற்று.