பாக்கியை மின்வண்டியாக்க: மோட்டாரும் கியர்பாக்ஸும்

பழைய நிசான் 1400 பாக்கியை (தென்னாப்பிரிக்காவில் சின்ன பிக்கப் வண்டிக்குச் சொல்லும் பெயர்) மின்சாரத்துக்கு மாற்ற நினைப்பவர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோவாட் மோட்டார் போடலாம்?" டர்பன்காரர் அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: பைன்டவுனிலிருந்து க்ளூஃபுக்குப் போகும் ஃபீல்ட்ஸ் ஹில் மலைச்சாலையில் சூடாகாமல் ஏறுமா? விளம்பரத்தில் பெரிதாகப் போடும் உச்சத் திறன் ஓரிரு நிமிடம்தான் தாங்கும். மலை ஏற்றுவது தொடர் திறன், அதாவது சூடாகாமல் விடாது தரக்கூடிய திறன்.

பேட்டரி, ஆள் எல்லாம் சேர்த்து 1100 கிலோ, 6% ஏற்றம், 60 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால் சக்கரத்தில் 15 கிலோவாட் வேண்டும். இடையில் வீணாவதையும் சேர்த்தால் மோட்டார் 17 தர வேண்டும். தொடர் திறன் 20க்குக் குறைந்ததை வாங்காதீர்கள்.

கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு மோட்டாரை நேரே டிஃபோடு (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல்) இணைக்கலாமா? 15% சரிவில் நின்று கிளம்பச் சக்கரங்களுக்கு 470 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தேவை. டிஃப் விகிதம் 3.9 என்றால் மோட்டார் 125 தர வேண்டும். கியர்பாக்ஸ் இருந்தால் இரண்டாம் கியரில் 60 போதும். கியர்பாக்ஸ் இருக்கட்டும்.

ஃபோர்க்லிஃப்ட்டின் சீரீஸ் டிசி மோட்டார் மலிவு. ஆனால் கிளட்சை மிதித்தபடி ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பாரமில்லாமல் வேகம் ஏறிக்கொண்டே போய் கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு வளையம்) சிதறும். 48 வோல்ட் மோட்டாரை 96 வோல்ட்டில் ஓட்டினால் பிரஷ் பொறி பறக்கும். பிரஷ் தாங்கியைச் சுழற்சிக்கு எதிர்த்திசையில் 10 டிகிரி நகர்த்த வேண்டும். நிசான் லீஃப் மின்காரின் தொடக்ககால (2011-12) மோட்டார் 80 கிலோவாட், 280 நியூட்டன் மீட்டர். அந்த முறுக்கை அப்படியே விட்டால் பாக்கியின் கியர்பாக்ஸ் பல் உடையும். கன்ட்ரோலரில் மின்னோட்டத்தைக் குறைத்து வையுங்கள்.

பலர் சறுக்குவது அடாப்டர் பிளேட்டில், அதாவது மோட்டாரைக் கியர்பாக்ஸோடு பொருத்தும் தகட்டில். எஞ்சினை இறக்கும் முன்பே, எஞ்சின் பிளாக்கின் பின்முகத்திலிருந்து ஃப்ளைவீல் (கிளட்ச் அழுந்தும் கனமான சக்கரம்) முகம் வரை உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். புதிய இணைப்பிலும் அதே தூரம் வராவிட்டால் கிளட்ச் முழுதாக விடாது. பிளேட்டுக்கு 15 மி.மீ. அலுமினியம், இடம் பிசகாமல் பிடிக்க இரண்டு டவல் பின். கியர்பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்ட்டின் நுனி உட்காரும் சின்ன பைலட் பேரிங்கைக் கப்ளிங்கில் வைக்க மறந்தால் ஷாஃப்ட் ஆடி, கியர்பாக்ஸின் முன் பேரிங்கைத் தின்றுவிடும். டயல் கேஜில் மைய விலகல் 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

டிசி மோட்டாரானால், பூட்டியதும் நியூட்ரலில் வைத்து 12 வோல்ட் பேட்டரியில் சில விநாடி சுற்றிப் பாருங்கள். பெல்ஹவுசிங்கில் (கிளட்சை மூடும் கூடு) கை வைக்கும்போது நடுக்கம் தெரிந்தால் கழற்றி மறுபடி மையம் பாருங்கள். போல்ட்டை இறுக்கி அது போகாது.