கச்சேரி டிக்கெட் ஒரே கடையில் சிக்காமல் இருக்க என்ன செய்யலாம்

புதுச்சேரியிலோ கடலூரிலோ நீங்கள் நிகழ்ச்சி நடத்துகிறவர் என்றாலும் சரி, காசு கொடுத்துப் பார்க்கப் போகிறவர் என்றாலும் சரி, இதைக் கொஞ்சம் படியுங்கள். 500 ரூபாய் டிக்கெட் எடுக்கப் போனால் பணம் கட்டும் பக்கத்தில் வசதிக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி என்று ஏறிவிடுகிறது, நாம் ஆப்பைத் திட்டுகிறோம். ஆனால் கோளாறு அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, நடத்துகிறவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் ஆரம்பித்துவிடுகிறது. "எங்கள் வழியாக மட்டும்தான் விற்க வேண்டும்" என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால் நாட்டில் எத்தனை ஆப் இருந்தாலும் அந்தக் கச்சேரிக்குக் கடை ஒன்றுதான். 2024ல் பேடிஎம்மின் டிக்கெட் தொழிலை ஸொமேட்டோ 2,048 கோடிக்கு வாங்கி டிஸ்ட்ரிக்ட் என்று புது ஆப் கொண்டுவந்தபோது, இனி புக்மைஷோவுக்குப் போட்டி வரும், கட்டணம் குறையும் என்று நினைத்தேன். ஆனால் ஆளுக்குப் பாதி நிகழ்ச்சியைத் தனி உரிமையாக எடுத்துக்கொண்டால் நமக்கு என்ன கிடைக்கும்?

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குழு புதுச்சேரியில் ஒரு மெல்லிசை நிகழ்ச்சி வைத்தோம், 400 இருக்கை. ஒரு டிக்கெட் நிறுவனம் அட்வான்ஸ் தருகிறேன் என்றது, சவுண்டு செட்டுக்கு அந்தப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது, படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அப்புறம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வழக்கமாக வருகிற பெரியவர்கள் "தம்பி, போன்ல எடுக்கத் தெரியாது, ரெண்டு சீட்டு எடுத்து வை" என்று கேட்டபோது, எங்கள் கச்சேரிக்கு நாங்களே ஒரு சீட்டு விற்க முடியாமல் போனது. முடிந்த பிறகு வாங்கியவர்கள் பட்டியலும் வரவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட ஒருவர் எண்கூட எங்களிடம் இல்லை. இன்னும் எனக்கு ஆறவில்லை.

அதனால் முதலில் ஒப்பந்தத்தைக் கையில் எடுங்கள். "எங்கள் வழியாக மட்டும்" என்ற அந்தத் தனி உரிமை வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் பல இடங்களில் அது ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ஒட்டிக்கொள்ளும். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் நன்றாக யோசியுங்கள், பெரும்பாலும் அந்த வரிக்குக் கொடுக்கிற விலையே அதுதான். வாங்கியவர்கள் விவரம் உங்களுக்கும் வரவேண்டும் என்று எழுதுங்கள். தனிநபர் தகவல் சட்டத்தைக் காட்டி மறுப்பார்கள். டிக்கெட் எடுக்கும்போதே "நடத்துபவரும் என்னைத் தொடர்புகொள்ளலாம்" என்று வாங்குபவர் டிக் செய்ய ஒரு கட்டம் வைத்தால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தது இருக்கை. ஒரே இருக்கை இரண்டு பேருக்குப் போய்விடுமோ என்ற பயத்தில்தான் பலர் எல்லாவற்றையும் ஒரே ஆப்பிடம் கொடுக்கிறார்கள். வரிசையாகப் பிரித்துவிட்டால் அந்தப் பயமே வேண்டாம். 400 இருக்கையில் முதல் ஆறு வரிசையும் கடைசி நாலு வரிசையும் உங்களுடையது, நடு வரிசைகள் ஆப்புக்கு. உங்கள் பங்குக்கு வரிசை எண் அச்சடித்த சீட்டுப் புத்தகம், அடிக்கட்டையோடு. புதுச்சேரி நேரு வீதியில் தெரிந்த கடை ஒன்றில் ஒரு புத்தகம், மஞ்சக்குப்பத்தில் ஒரு புத்தகம், இரண்டு இடத்திலும் யுபிஐ க்யூஆர் அட்டை. கடைக்காரருக்குச் சீட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுங்கள், சும்மா செய்யச் சொல்லாதீர்கள். போன வருடம் இப்படித்தான் செய்தோம், கணக்கு ஒரு சீட்டுகூட இடிக்கவில்லை.

அரசு அரங்கம் என்றால் இன்னொரு வேலையும் செய்யலாம். கம்பன் கலையரங்கம் மாதிரியான இடங்களுக்கு, டிக்கெட் விற்பனைக்கு ஏதாவது நிறுவனத்தோடு தனி ஒப்பந்தம் உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தரவேண்டும்.

பார்வையாளராக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதலில் ஒரு விலை காட்டிக் கடைசியில் ஏற்றுவதை 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகச் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம், நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமே இல்லை. நிகழ்ச்சி புதுச்சேரியில் நடந்தாலும், கடலூரில் குடியிருப்பவர் கடலூர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 2019 சட்டம் அந்த வசதியைத் தந்திருக்கிறது.

கடைசியாக, பெரிய கதவு: பெரிய நிறுவனங்கள் போட்டியை நசுக்கினால் விசாரிக்கிற போட்டி ஆணையம். அமெரிக்காவில் 2010ல் கச்சேரி நடத்தும் லைவ் நேஷனும் டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டரும் இணைந்தபோது, வேறு நிறுவனத்திடம் போகிற அரங்குகளைப் பழிவாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்கள். அதை மீறினார்கள் என்று அந்நாட்டு அரசின் நீதித் துறையே 2019ல் சொன்னது, 2024 மே மாதம் நிறுவனத்தைப் பிரிக்கக் கேட்டு வழக்கே போட்டது. அவ்வளவு வளரவிட்ட பிறகு பிரிப்பது எவ்வளவு கஷ்டம் பாருங்கள். நம் நாட்டில் 2022 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையம் புக்மைஷோ மீது விசாரணைக்கு உத்தரவிட்டது, புகார் கொடுத்தது ஹைதராபாத்தில் சொந்தமாக டிக்கெட் தளம் தொடங்கிய ஒருவர். 2002 போட்டிச் சட்டத்தின் 19வது பிரிவில் யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம், பெயரை ரகசியமாக வைக்கவும் கேட்கலாம். நிறுவனம் பெரிதாக இருப்பது மட்டும் குற்றம் ஆகாது, அந்தப் பலத்தை வைத்து மற்றவர்களை உள்ளே விடாமல் தடுப்பதைக் காட்ட வேண்டும், அதற்கு நாலைந்து குழுக்களின் ஒப்பந்தம் சேர்ந்தால்தான் வலு வரும். எங்கள் ஒப்பந்தத் தாள் பத்திரமாக இருக்கிறது. உங்களுடையதையும் தேடி எடுத்து வையுங்கள், பிரச்சினை நடந்து மூன்று வருடத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும்.