சின்ன வீட்டில் சாமான்களுக்கு இடம் கண்டுபிடிப்பது எப்படி? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கான செய்முறை

கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் நம் பட்ஜெட்டுக்குக் கிடைக்கும் வாடகை வீடு என்றால் ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு சமையலறை. புதுச்சேரியில் முத்தியால்பேட்டை, நெல்லித்தோப்பு சந்துகளிலும் இதே கதைதான். அதற்குள் அரிசி மூட்டை, சீர்வரிசைப் பாத்திரம், கொலு பொம்மை, பிள்ளைகளின் பழைய புத்தகம் எல்லாம் இருந்தாக வேண்டும். போதாததற்கு ஈரம் வேறு. கடற்காற்றில் உப்பு, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, சில வருடங்களில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். அதனால் "கட்டிலுக்கு அடியில் தள்ளு, அட்டைப்பெட்டியில் போட்டு மூடு" என்ற பொதுவான யோசனைகள் நம் ஊருக்கு ஒத்துவராது. எந்தப் பொருள் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைத்தான் நாம் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

படி 1: ஒரே ஒரு இடத்தைக் காலி செய்யுங்கள்

வீடு முழுவதையும் ஒரே நாளில் கலைக்காதீர்கள். ராத்திரி படுக்க இடம் இருக்காது. ஒரு ஷெல்ஃப், அல்லது பீரோவின் ஒரு தட்டு, அல்லது பரணில் பாதி போதும். அதில் இருப்பதை எல்லாம் எடுத்துத் தரையில் பாய் விரித்துப் பரப்புங்கள். அப்புறம் நான்காகப் பிரியுங்கள்: தினமும் எடுப்பது, மாதத்தில் ஓரிரு முறை எடுப்பது, வருடத்துக்கு ஒரு முறை எடுப்பது, இனி எடுக்கவே போவதில்லை என்பது.

இந்த நான்காவது குவியலில்தான் மனசு தடுமாறும். "ஒரு வருடம் தொடாததைத் தூக்கிப் போடு" என்று சிலர் சொல்வார்கள். நம் வீடுகளுக்கு அது சரிப்படாது. அண்டாவையும் குத்துவிளக்கையும் வருடத்துக்கு ஒரு தடவைதான் எடுப்போம், ஆனால் அவை வேண்டும். நான் பார்ப்பது வேறு: ஒரே வேலைக்கு எத்தனை இருக்கிறது? விசேஷங்களில் வந்த எவர்சில்வர் டிபன் டப்பா ஏழெட்டு இருந்தால் மூன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடலாம். பழைய எவர்சில்வரை எடைக்கு எடுத்துக்கொள்ளும் பாத்திரக்கடைகள் உண்டு. கைப்பிடி உடைந்த குக்கர், மூடி இல்லாத டப்பா, ஓடாத மிக்ஸி ஆகியவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம்.

படி 2: உயரத்தைப் பிரியுங்கள்

இதுதான் முக்கியமான படி. சுவரைக் கீழிருந்து மேலே நான்கு பகுதியாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தரையிலிருந்து முழங்கால் வரை: நனைந்தால் கெடும் எதுவும் இங்கே கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. 2015இல் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் தவித்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து கொட்டிய மழையில் பல தெருக்கள் மூழ்கின, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூருக்குள் வந்தது. இதை எல்லாம் பார்த்த ஊரில் கட்டிலுக்கு அடியில் சர்டிபிகேட் பெட்டியை வைப்பது நியாயமில்லை. வாளி, பித்தளை, எவர்சில்வர், அம்மி, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா எல்லாம் தாராளமாகக் கீழே இருக்கட்டும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் பீரோவின் கடைசித் தட்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இடுப்பிலிருந்து கண் உயரம் வரை: தினமும் எடுப்பவை. வீட்டிலேயே விலைமதிப்பான இடம் இது. விருந்தாளிக்கு மட்டும் எடுக்கும் கண்ணாடிக் கோப்பைகள் இங்கே உட்கார்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

கண்ணுக்கு மேலே, கை எட்டும் வரை: மாதத்தில் ஓரிரு முறை எடுப்பவை.

பரண்: வருடத்துக்கு ஒரு முறை எடுப்பவை, அதுவும் கனமில்லாதவை. நம் வீடுகளில் பரண் பெரும்பாலும் 7 அடி உயரத்தில், கதவின் மேல்மட்டத்துக்கு இருக்கும். அங்கிருந்து பித்தளைக் குடத்தை ஸ்டூலில் நின்று இறக்குவது இடுப்புக்கும் ஆபத்து, தலைக்கும் ஆபத்து.

பட்டா, ரேஷன் கார்டு, சர்டிபிகேட், இன்ஷூரன்ஸ் பத்திரம் இவற்றை மட்டும் தனியாக ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர்களில் போட்டு, ஒரே பையில் சேர்த்து, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். ரெட் அலர்ட் என்று டிவியில் சொன்னதும் அந்த ஒரு பையைத் தூக்கினால் போதும் என்று இருக்க வேண்டும். டிஜிலாக்கரிலும் ஏற்றி வைத்துவிட்டால் நிம்மதி.

படி 3: சமையலறை

இங்கே இடத்தைத் தின்பது உருண்டை டப்பாக்கள். ஒரே உயரத்தில், ஒரு பக்கத்தின் நீளமும் விட்டமும் ஒன்றாக இருக்கும் சதுர டப்பாவையும் உருண்டை டப்பாவையும் எடுத்துக்கொண்டால், சதுரம் கொள்வதில் சுமார் 78 சதவீதம்தான் உருண்டை கொள்ளும். மீதி ஐந்தில் ஒரு பங்கு மூலைகளில் வெறும் காற்றாகப் போய்விடும். அதற்காக இருப்பதை எல்லாம் தூக்கிவிட வேண்டாம். உளுந்து, துவரை, ரவை மாதிரி அதிகம் வாங்கும் சாமான்களுக்கு மட்டும் சதுர டப்பா மாற்றினாலே ஒரு தட்டு காலியாகும். அம்மா கொடுத்த அஞ்சறைப்பெட்டி எந்த வடிவத்தில் இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். ஏழு சாமான்களை அதைவிடச் சின்ன இடத்தில் வைக்க முடியாது.

பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குங்கள். நடுவே பழைய துணியோ பேப்பரோ போட்டால் சிக்கிக்கொள்ளாது. மூடிகளைத் தனியாக நிற்க வையுங்கள். தட்டு ஸ்டாண்டில் ஓரமாக ஒரு வரிசை ஒதுக்கினால் போதும்.

அரிசியை மூட்டையோடு தரையில் வைக்கக் கூடாது. மூடி போட்ட டிரம்மில் கொட்டி, அதைப் பலகை மேல் ஏற்றுங்கள். நன்றாகக் காய்ந்த வேப்பிலை கொஞ்சம் போட்டு வைத்தால் வண்டு குறையும். கருவாடு வாங்கும் வீடாக இருந்தால் அதற்குக் காற்றுப் புகாத தனி டப்பா, முடிந்தால் சமையலறைக்கு வெளியே. வத்தல் வடாம் பக்கத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இடம் இல்லை என்பதற்காக கேஸ் சிலிண்டரைச் சுற்றி அட்டைப்பெட்டி, பழைய பேப்பர், மண்ணெண்ணெய் கேன் அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், ரெகுலேட்டருக்குக் கை தடையில்லாமல் போக வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரை மட்டத்தில் தேங்கும். அதனால் மேடைக்கு அடியில் கதவு போட்டு மூடியிருந்தால், அந்தக் கதவின் கீழ்ப்பகுதியில் காற்று வெளியேற ஓட்டை இருக்கிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

படி 4: சுவரும் கதவும்

கதவின் பின்பக்கம், பீரோக் கதவின் உள்பக்கம், ஃபிரிட்ஜின் பக்கவாட்டு: மூன்றும் சும்மா கிடக்கும் இடங்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்க ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றால் ஒட்டும் கொக்கி வாங்கலாம். ஆனால் அது டைல்ஸிலும் இரும்பிலும்தான் நிற்கும். சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் பொடியோடு பெயர்ந்து வந்துவிடும். ஓனர் சம்மதித்தால், டிரில் போட்டு பிளக் வைத்து, துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ முடுக்குங்கள். தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் சாதா இரும்பு ஆணி சீக்கிரமே துருவேறி, மாட்டின சட்டையிலும் கறை ஏற்றும்.

பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மூன்று விரல் இடைவெளி விட்டால் காற்று ஓடும், உள்ளே துணி பூசணம் பிடிக்காது.

படி 5: துணியும் பொம்மையும்

தினசரித் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், சின்னதாக மடித்துப் புத்தகம் போல நிற்க வையுங்கள். ஒன்றை உருவினால் மற்றது சரியாது. பட்டுப்புடவையை பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த இடத்திலேயே இற்றுப்போகும். பாச்சை உருண்டையைச் சின்னத் துணியில் முடிந்து, புடவையில் படாமல், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அந்த வாசனை பிடிக்காவிட்டால் வசம்பு போடலாம்.

காலி சூட்கேஸ்கள் பரணில் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். கம்பளி, கூடுதல் போர்வை எல்லாம் அதற்குள் போகட்டும்.

கொலு பொம்மைகளில் பண்ருட்டிக் காகிதக்கூழ் பொம்மையும் வில்லியனூர் சுடுமண் பொம்மையும் ஒன்றல்ல. காகிதக்கூழ் ஈரத்தை உறிஞ்சும், கனமில்லாதது, அதனால் பரணுக்கு ஏற்றது. சுடுமண் கனம், இடித்தால் உடையும், கீழே மூடி போட்ட டப்பாவில் இருப்பதே நல்லது. இரண்டையும் முதலில் பருத்தித் துணியில் சுற்றி, அதற்கு மேல்தான் பேப்பர்.

பரணில் ஏற்றும் ஒவ்வொரு டப்பாவுக்கும் பெரிதாக ஓர் எண் எழுதுங்கள். எண்ணும் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் ஒரு தாளில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னால் புரட்டாசியில் ஒரு தடவை, போகியில் ஒரு தடவை இந்தப் பட்டியலைச் சரிபார்த்தால் போதும். கொலு பொம்மையை எடுக்க எப்படியும் புரட்டாசியில் பரண் ஏறத்தானே போகிறோம்.

படி 6: இப்போது கடைக்குப் போங்கள்

இதுவரை பரணுக்கான டப்பா எதையும் வாங்கச் சொல்லவில்லை. காலி டப்பா வாங்கி வைத்தால் அதை நிரப்பச் சாமான் தானாக வரும் என்பதால்தான் இதைக் கடைசியில் வைத்தேன். இப்போது டேப்பை எடுத்து பரணின் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டோ, உங்கள் தெருமுனைப் பிளாஸ்டிக் கடையோ, எங்கே போனாலும் டேப் கையில் இருக்கட்டும். பெரும்பாலான பிளாஸ்டிக் டப்பாக்கள் அடியில் குறுகி வாயில் அகலும். மூடியின் விளிம்பு இன்னும் ஒரு விரல் வெளியே நீட்டும். ஆகவே அடியை அளக்காமல், மூடி போட்டு, கைப்பிடியோடு சேர்த்து, மேல்பக்கத்தை அளந்து வாங்குங்கள். உயரத்தில் நாலு விரல் குறைவாகவே இருக்கட்டும். பரணில் வைத்தபடியே மூடியைத் திறக்க அந்த இடைவெளி வேண்டும்.