ரேட்டிங்குக்கு ஏற்ப வாடகை விலை வைப்பது எப்படி?

வீடோ காரோ கேமராவோ, ஆன்லைனில் வாடகைக்கு எடுப்பவரால் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. முன்பு எடுத்தவர்கள் தந்த ஸ்டார்களை நம்பித்தான் பணம் கட்டுகிறார். ஸ்டாரே இல்லாத லிஸ்டிங்குக்கு ஊர் விலை கிடைக்காது.

முதலில், உங்களுடையதைப் போன்ற பத்து லிஸ்டிங்குகளின் விலையை ஒரே தேதிகளுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையைப் பாருங்கள். தினவாடகையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். நடுவில் வரும் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், முதல் மூன்று புக்கிங்குக்கு 80 போதும். வீடுகளை வாடகைக்கு விடும் தளமான ஏர்பிஎன்பியில் புதிய லிஸ்டிங்குக்கு இதே 20 சதவீதத் தள்ளுபடி வசதி உண்டு. அதற்கும் கீழே இறங்காதீர்கள். ‘ஏன் இவ்வளவு மலிவு?’ என்ற சந்தேகம் வந்துவிடும்.

நல்ல ரேட்டிங் முதலில் காலண்டரை நிரப்பும். விலை அதற்குப் பிறகுதான் ஏறும். அடுத்த 30 நாளில் 20 நாளுக்கு மேல் முன்பே புக் ஆகியிருந்தால் 5 சதவீதம் ஏற்றுங்கள். இல்லையென்றால் பொறுங்கள். ஒரேயடியாக ஏற்றினால் எதிர்பார்ப்பும் கூடவே ஏறும். நேற்றுவரை யாரும் குறை சொல்லாத பழைய மெத்தை ரிவ்யூவில் வரும், ‘விலைக்கேற்ற மதிப்பு’ என்ற இடத்தில் ஸ்டார் குறையும்.

4.6 நல்ல மதிப்பெண் போலத் தெரியும். ஆனால் ஏர்பிஎன்பி பற்றி பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 95 சதவீத இடங்கள் 4.5 அல்லது 5 ஸ்டார் வைத்திருந்தன. எல்லோரும் உயரத்தில் நிற்கும்போது 4.6ஐக் காட்டிக் கூடுதல் விலை கேட்க முடியாது.

ஒன்பது பேர் 5 கொடுத்து ஒருவர் 2 கொடுத்தால் சராசரி 4.7. மீண்டும் 4.8 தொட ஐந்து முழு ஸ்டார்கள் வேண்டும். அந்த ஒருவர் 1 கொடுத்திருந்தால் பத்து வேண்டும். ரிவ்யூ குறைவாக இருக்கும் காலத்தில் முரட்டுத்தனமாக விலை ஏற்றக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மோசமான ரிவ்யூ வந்ததும் பதறி விலையைக் குறைக்காதீர்கள். குறையைச் சரிசெய்து, என்ன மாற்றினீர்கள் என்று அதன் கீழே இரண்டு வரி பதில் எழுதுங்கள். லிஸ்டிங்கைப் பார்ப்பவர்கள் எண்ணிக்கை அப்படியே இருந்து, புக்கிங் மட்டும் இரண்டு வாரம் விழுந்தால் 5 சதவீதம் இறக்கலாம்.

அதிக விலைக்கு வேறொருவர் கிடைத்தார் என்று ஒப்புக்கொண்ட புக்கிங்கை ரத்து செய்யவே வேண்டாம். நன்றாக நடத்தும் உரிமையாளர்களுக்கு ஏர்பிஎன்பி தரும் சூப்பர்ஹோஸ்ட் தகுதிக்கு 4.8 ரேட்டிங்கோடு ரத்து விகிதம் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள்.