கிராணி போனால் கோப்பும் போகும்

மைக்கை அணைக்க மறப்பது, குடும்பக் குழுவுக்குப் போகவேண்டிய படத்தை ஆபீஸ் குழுவில் போடுவது எல்லாம் ஒரு தடவை வெட்கப்பட்டால் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுவோம். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணங்களில் லோரி கம்பெனி, செம்பனை நாற்றுப் பண்ணை, கணக்கு ஆபீஸ் என்று பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் இடங்களில்கூட இப்போது மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் அரட்டைச் செயலியான டீம்ஸ், வாட்ஸ்அப் பிஸ்னஸ், இணையவழித் தொலைபேசி மூன்றும் வந்துவிட்டன. புதிதாகப் போடுகிறவர்கள் மறக்காமல் செய்யும் தவறுகள் இவை.

எல்லாம் கிராணியின் பெயரில்

எத்தனை தடவை சொன்னாலும் இது மட்டும் ஓய்வதில்லை.

கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், மாதச் சம்பளப் பட்டியலை எக்செலில் முடிக்கிறார். டீம்ஸில் முதலாளியின் சாட்டைத் திறந்து, கோப்பை இழுத்துப் போட்டு, 'பார்த்து ஓகே சொல்லுங்க பாஸ்' என்று எழுதுகிறார். கோப்பு முதலாளியிடம் போய்ச் சேர்ந்ததாகத்தான் இருவரும் நினைக்கிறார்கள். அவருக்குப் போனது வெறும் இணைப்பு. கோப்பு உட்கார்ந்திருப்பது கிராணியின் ஒன்டிரைவில், அதாவது அவர் கணக்குக்குரிய இணையக் கிடங்கில், 'மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சாட் ஃபைல்ஸ்' என்ற கோப்புறையில். அவர் கூட்டிய கூட்டத்தின் வீடியோ பதிவும் அவருடைய ஒன்டிரைவில்தான் சேரும்.

மூன்று வருடம் கழித்து கிராணி ஈப்போவில் வேறு வேலை கிடைத்துப் போகிறார். ஆளில்லாத கணக்குக்கு மாதாமாதம் காசு எதற்கு என்று அன்று சாயங்காலமே கணக்கை அழிக்கிறார்கள். மறுநாள் பழைய கோப்புகள் திறக்கின்றன. அடுத்த வாரமும் திறக்கின்றன. வினையே அங்கேதான் இருக்கிறது. கணக்கை அழித்தாலும் ஒன்டிரைவை வழக்கமான அமைப்பில் 30 நாள் வைத்திருப்பார்கள். அதுவரை யாருக்கும் எதுவும் தெரியாது. அதற்குப் பிறகு இணைப்புகள் எல்லாம் ஒரேயடியாகச் செத்துப்போகும். இன்னும் 93 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், ஆனால் நிர்வாகி கட்டளை வரியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்துதான் மீட்க முடியும். அதுவும் தாண்டினால் முடிந்தது கதை. கணக்காய்வாளர் பழைய பட்டியலைக் கேட்பது பெரும்பாலும் அதற்கும் பிறகுதான். இதில் இன்னொரு கூத்து: பல இடங்களில் நிர்வாகிக் கணக்கும் அதே கிராணியின் பெயரில்தான் இருக்கும்.

செய்யவேண்டியது பெரிய வித்தையில்லை. ஆபீசுக்கு ஒரு டீம், அதில் சம்பளம், லோரி, கொள்முதல் என்று வேலைக்கு ஒரு சேனல். கோப்பை எப்போதும் சேனலில் போடவேண்டும். அப்போது அது ஷேர்பாயிண்ட் என்ற பொதுக் கோப்புக் கிடங்கில் டீமின் பெயரில் இருக்கும், யார் வந்தாலும் போனாலும் அசையாது. எல்லாரும் பார்க்கக்கூடாத சம்பளக் கணக்குக்கு, சேர்த்தவர்கள் மட்டும் திறக்கக்கூடிய 'பிரைவேட்' சேனல் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு டீமுக்கும் இரண்டு உரிமையாளர்கள், மொத்தத்துக்கும் இரண்டு நிர்வாகிகள், அதில் ஒருவர் முதலாளி. ஆள் வேலையை விடும் நாளில் உள்நுழைவை மட்டும் முடக்குங்கள். அவருடைய ஒன்டிரைவை இன்னொருவருக்குத் திறந்துவிட்டு, வேண்டியதைச் சேனலுக்கு நகர்த்துங்கள். மின்னஞ்சல் பெட்டியைப் பகிர்வுப் பெட்டியாக மாற்றுங்கள். 50 ஜிபி வரை அதற்குத் தனி உரிமம் வேண்டாம். கடைசியாகத்தான் கணக்கை அழிக்கவேண்டும்.

வாட்ஸ்அப்பிலும் இதே தவறுதான், வேறு சட்டை போட்டிருக்கிறது. கிராணியின் சொந்த பிரிபெய்ட் எண்ணில் ஆபீஸ் வாட்ஸ்அப்பைத் திறந்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர்கள் எல்லாரும் அந்த எண்ணைச் சேமித்துக்கொள்கிறார்கள். கிராணி போகும்போது எண்ணும் அவரோடு போகிறது. 'எண்ணைக் கொடுத்துவிட்டுப் போ' என்று கேட்கவும் முடியாது, சிம் அவர் பெயரில் பதிவானது.

வாட்ஸ்அப் பிஸ்னஸை ஆபீசின் நிலைத் தொலைபேசி எண்ணிலேயே பதியலாம். சரிபார்ப்பு எண்ணைக் குறுஞ்செய்திக்குப் பதில் அழைப்பில் வரும்படி தேர்ந்தெடுக்கவேண்டும். அந்த நேரத்துக்கு 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்று பேசும் தானியங்கிக் குரலை நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் எண்ணை அந்தக் குரல்தான் கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டடுக்குச் சரிபார்ப்பின் ஆறு இலக்கப் பின் எண்ணை ஆபீஸ் அலமாரியில் வையுங்கள், மீட்பு மின்னஞ்சலும் ஆபீசுடையதாக இருக்கட்டும். மின்னஞ்சல் கொடுக்காமல் பின் எண்ணையும் மறந்தால் ஏழு நாள் காத்திருக்கவேண்டும். முதன்மைக் கைப்பேசியை மேசை டிராயரில் போட்டுவிட்டு கணினியில் மட்டும் ஓட்டுகிறவர்கள் கவனிக்க: 14 நாள் அந்தக் கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால் இணைத்த கணினிகள் எல்லாம் வெளியே தள்ளப்படும்.

இடி இடித்தால் போன் ஊமை

பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. வீதி முழுக்க இருட்டானாலும் அவசர எண் 999 அழைக்க முடிந்தது. ஃபைபரில் அது கிடையாது. மதியம் மழை பிடித்து மின்சாரம் போனால் ஃபைபர் பெட்டி, ரௌட்டர், போன்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் மூன்றும் அணையும். மேசைப் போன்களும் அவற்றோடு சேர்ந்து அணையும்.

இந்த மூன்றையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். ஸ்விட்ச் வழியாகவே மின்சாரம் வாங்கும் ஆறு போன்களையும் சேர்த்தால் சுமார் 50, 60 வாட் இழுக்கும். சின்ன யுபிஎஸ்ஸில் வழக்கமாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது 84 வாட்-மணி. காகிதக் கணக்கில் ஒன்றரை மணி நேரம் வரை வரும். விரயம் போக முக்கால் மணிதான் நம்பலாம். கணினியையும் மாட்டினால் அதுவும் இல்லை. லேசர் பிரிண்டரை மாட்டுகிறவரை என்ன சொல்வது.

நமக்குக் கேட்கிறது, அவர்களுக்குக் கேட்கவில்லை

உடனே இணைய வேகத்தைக் கூட்டச் சொல்லி வெள்ளியைக் கொட்டாதீர்கள். ஒரு சாதாரண அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் 90 கிலோபிட்டுக்கும் குறைவாகத்தான் வேண்டும். ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் அரை மெகாபிட் அளவுதான். நம் குரல் மட்டும் வெட்டி வெட்டிப் போகிறதென்றால் மேலேற்றத்தை (அப்லோடை) யாரோ அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஸ்டோர் வாசல் சிசிடிவி படத்தை மேகக் கிடங்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அழைப்பில் இருக்கும்போதே கேமராப் பெட்டியின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். குரல் தெளிந்தால் ரௌட்டரில் அதன் மேலேற்றத்துக்கு வரம்பு வையுங்கள். அழைப்புகளுக்கு முன்னுரிமை கொடுக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள்.

அரை நிமிடத்தில் அறுந்தால்

ஒவ்வொரு அழைப்பும் சரியாக 32 விநாடியில் அறுந்தால், ரௌட்டரில் 'சிப் ஏஎல்ஜி' ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். உதவி செய்கிறேன் பேர்வழி என்று அழைப்புச் செய்திக்குள் இருக்கும் முகவரிகளை மாற்றி எழுதும் வசதி அது. உறுதிச் செய்தி போய்ச் சேராமல், போனை எடுத்த முனை 32 விநாடி பார்த்துவிட்டு வைத்துவிடுகிறது. அந்த வசதியை அணையுங்கள். ரௌட்டரையும் போன்களையும் ஒரு தடவை அணைத்து ஏற்றுங்கள்.

ஐசி நகல்

ஐசி, அதாவது அடையாள அட்டையின் நகலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பெரிய பாதிப்பு தரக்கூடிய கசிவென்றால் 2025 ஜூன் 1 முதல் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்கவேண்டும்.

ஸ்கைப்

2025 மே 5-இல் மூடிவிட்டார்கள். பெயர் அட்டையில் இன்னும் அந்த முகவரி இருந்தால் அடுத்த அச்சில் எடுத்துவிடுங்கள்.