டச்சு மொழியில் ‘கிளம்புகிறேன்’ சொல்வது எப்படி?

விருந்துக்குப் போன இடத்தில் ‘இக் வில் நார் ஹேய்ஸ்’ என்று சொல்லாதீர்கள். ‘வீட்டுக்குப் போகணும்’ என்பதற்கு அது இலக்கணப்படி சரிதான். ஆனால் ‘வில்’ ஆசையைச் சொல்கிற வினை. சலித்துப்போன பிள்ளை அடம்பிடிப்பதுபோல் கேட்கும். அதை எடுத்துவிட்டு ‘முட்’ போடுங்கள்: ‘இக் முட் நார் ஹேய்ஸ்’. போயே ஆக வேண்டும், யார்மேலும் குறையில்லை என்று ஆகிவிடும். ‘முட்’ வந்தால் ‘போ’ என்ற வினையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ‘இக் முட் வெஃக்’ (நான் போகணும்) முழு வாக்கியம்.

இங்கே ‘ஃக’ என்று எழுதியிருப்பது தொண்டையின் அடியில் உரசி வரும் ஒலி. ‘அஃது’ என்பதில் உள்ள ஆய்தத்தை இன்னும் அழுத்திச் சொன்னால் கிட்டத்தட்ட வந்துவிடும். நெதர்லாந்தின் தெற்கே பிரபாந்த், லிம்பர்க் மாகாணங்கள் பக்கம் இதையே மென்மையாகச் சொல்வார்கள். ‘ஹேய்ஸ்’ சொல்லும்போது உதட்டை ‘ஊ’வுக்குக் குவிப்பதுபோல் குவித்துக்கொண்டே ‘ஏய்’ சொல்லுங்கள். ‘ஹௌஸ்’ என்றால் அது வேறு ஒலி.

சட்டென்று எழுந்து போவது அங்கும் நன்றாக இருக்காது. பத்து நிமிடம் முன்பே ‘இக் ஃகா ஸோ’ (கொஞ்ச நேரத்தில் கிளம்புவேன்) என்று காதில் போட்டுவையுங்கள். நேரம் வந்ததும் தொடையில் லேசாகத் தட்டி ‘ஸோ…’ என்று இழுத்து, ‘இக் ஃகா மார் என்ஸ்’ என்பார்கள். ‘மார் என்ஸ்’ இரண்டும் ‘சரி, அப்போ கிளம்பட்டுமா’ என்ற இதத்தைத் தருபவை. அவற்றை விட்டால் வாக்கியம் மொட்டையாக நிற்கும். நண்பர்களிடம் ‘இக் ஃகா எர்ஃபன்டோர்’ (நான் கிளம்புறேன்) போதும். அழுத்தம் ‘டோர்’ மேல். கூட வந்தவரைக் கிளப்ப ‘ஸுலெ வெ ஃகான்?’ (போலாமா?). ‘ஃகா வெஃக்!’ மட்டும் வேண்டாம். அது எதிரில் இருப்பவரை விரட்டுவது.

நேரம் சொல்லும்போதுதான் தமிழர்கள் அதிகம் தடுமாறுவார்கள். ‘இக் முட் ஒம் ஹல்ஃப் நேஃகெ வெஃக்’ என்றால் 8.30க்குப் போக வேண்டும் என்று பொருள். ‘ஹல்ஃப் நேஃகெ’ ஒன்பதரை அல்ல, ஒன்பதுக்கு அரை மணி முன்பு. 9.30 என்றால் ‘ஹல்ஃப் டீன்’. ரயில் பிடிக்கும் முன் இதைச் சரிபாருங்கள்.

வாசலில் ‘பெடங்க்ட் ஃபோர் எட் ஏட்டெ’ (சாப்பாட்டுக்கு நன்றி) சொல்லிவிட்டு ‘டூய்!’. பெரியவர்களிடமும் கடைகளிலும் ‘டொட் ஸீன்ஸ்’. ‘போய்ட்டு வரேன்’ என்ற பழக்கத்தில் ‘டொட் ஸோ’ சொல்லிவிடாதீர்கள். சில நிமிடங்களில் திரும்புவீர்கள் என்று காத்திருப்பார்கள். ‘டொட் ஸ்ட்ரக்ஸ்’ அன்றைக்கே பிறகு பார்ப்பதற்கு, ‘டொட் மோர்ஃகெ’ நாளைக்கு.

உணவகத்தில் கிளம்ப ‘மோஃகெ வெ அஃப்ரேக்கெனெ?’ (பில் கட்டலாமா?) என்று நீங்கள்தான் கேட்க வேண்டும், பெரும்பாலும் கேட்காமல் பில் வராது. நெரிசலான டிராமில் இறங்க ‘மஃக் இக் எர் ஏவெ லங்ஸ்?’ (கொஞ்சம் வழி விடுறீங்களா?).