கையொப்பத்தோடு முடியாத பொறுப்பு: அரச ஒப்பந்தங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பிலுள்ள அரச அலுவலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் துப்புரவு, வாயிற்காவல், கணினிப் பராமரிப்பு, குப்பை அகற்றல் என அன்றாட வேலைகள் பலவற்றை இன்று ஒப்பந்தக்காரர்களே செய்கிறார்கள். 1980களின் பிற்பகுதியில் பிரித்தானியாவிலும் நியூசிலாந்திலும் வேகம்பெற்ற நிருவாகச் சீர்திருத்தங்கள், மேலதிகாரியின் கட்டளையால் நடந்த வேலையை எழுத்துமூல உடன்படிக்கையால் நடத்தும் முறைக்கு உலகெங்கும் வழிவிட்டன. அம்முறையை நான் எதிர்க்கவில்லை. ஆயினும், வேலையை வெளியாரிடம் கொடுத்ததும் பொறுப்பும் அவரோடு போய்விட்டது என்று கருதுவது, நம் நிருவாகத்தில் ஆழமாக வேரோடிப்போன தவறாகும். கட்டுமானமும் பராமரிப்புச் சேவைகளும் செய்துவந்த பிரித்தானியாவின் கரிலியன் நிறுவனம் 2018 ஜனவரியில் முறிந்தபோது ஏறத்தாழ 450 அரச ஒப்பந்தங்கள் அதன் கையில் இருந்தன. அந்தச் சேவைகள் நின்றுவிடாமல் பார்க்கும் சுமை அரசிடமே திரும்பி வந்தது.

இத்தவறு முதலில் தலைகாட்டுவது விலைமனு மதிப்பீட்டில்தான். அரசு பொருள்களையும் சேவைகளையும் வாங்கும் முறையை வகுத்த 2006ஆம் ஆண்டின் பெறுகை வழிகாட்டல்கள், நிபந்தனைகளுக்கு இணங்கிய விலைமனுக்களுள் மதிப்பீட்டுக்குப் பின் குறைந்ததாக அமைவதையே தெரிவுசெய்யச் சொல்லின. ஆனால் கணக்காய்வு வினாவுக்கு அஞ்சும் மதிப்பீட்டுக் குழு, மதிப்பீட்டைப் பெயரளவில் முடித்துவிட்டு, ஆகக் குறைந்த தொகையை எழுதியவருக்கே வேலையைக் கொடுத்துவிடுகிறது. துப்புரவு ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொழிலாளி ஒருவரின் மாதச் சம்பளம் 30,000 ரூபா எனில், ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் செலுத்த வேண்டிய 12 சதவீதம் 3,600 ரூபா; ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 சதவீதம் 900 ரூபா. சீருடை, சவர்க்காரம், விடுமுறைக்குப் பதிலாள், மேற்பார்வை, இலாபம் ஆகிய எதையும் சேர்க்காமலே 34,500 ரூபா ஆகிவிடுகிறது. அப்படியிருக்க, ஆளொன்றுக்கு 32,000 ரூபா எனக் கேட்டுவரும் விலைமனுவை, சட்டத்தை மீறாமல் நிறைவேற்றவே முடியாது என்பது கூட்டிப் பார்த்தாலே தெரியும். அதை ஏற்கும் குழு மிச்சம்பிடித்ததாகக் காட்டும் பணம், நாள் முழுதும் வைத்தியசாலை விடுதியைக் கழுவும் ஒரு பெண்ணின் முதுமைக்காலச் சேமிப்பிலிருந்து எடுக்கப்பட்டதாகும். பத்துப் பேர் வரவேண்டிய இடத்துக்கு ஏழு பேர் வருவதும், வரவுப் பதிவேட்டில் மட்டும் பத்துக் கையொப்பங்கள் இருப்பதும் அடுத்த கட்டம். ஆகவே சம்பளக் கூறுகளைத் தனித்தனியே காட்டும் விலைப் பகுப்பை விலைமனுவோடு சேர்த்தே கேட்க வேண்டும். மாதப் பட்டியலுக்குப் பணம் விடுவிக்கும் முன், முந்திய மாதத்துச் சேமலாப நிதிக் கொடுப்பனவுக்கான சான்றைக் கணக்காளர் கண்ணால் பார்க்க வேண்டும்.

எதை அளந்து பணம் கொடுப்பது என்பதிலும் பிழை நேர்கிறது. குப்பை அகற்றுவோருக்கு எடைக்கு மட்டுமே பணம் என்று எழுதினால், உக்குவதையும் உக்காததையும் பிரித்தெடுக்க அவருக்கு எந்தத் தூண்டுதலும் இராது. மழையில் நனைந்த குப்பைக்குக் கூடுதல் பணமும் கிடைக்கும். கொழும்பின் குப்பை மலையாகக் குவிந்த மீதொட்டமுல்லவில், 2017 ஏப்ரல் 14 அன்று அம்மேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் உயிரிழந்த பின்னரும், தராசை மட்டும் நம்பி உடன்படிக்கை எழுதுவது பொறுக்கத்தக்கதன்று.

தமிழ் பேசுவோரை நேரடியாகத் தாக்கும் தவறு ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் அழைப்பு நிலையத்தையோ இணையவழிப் பதிவையோ நடத்தும் வெளி நிறுவனம், தன் உடன்படிக்கையில் உள்ளதைத்தான் செய்யும். "மும்மொழியிலும் சேவை" என்ற பொது வாசகம் அங்கு போதாது. சேவை நேரம் முழுவதும் தமிழில் பதிலளிக்கும் ஒருவர் இருப்பது, தமிழ் வாசகங்களைத் தகுதியுள்ளவர் சரிபார்ப்பது, தவறினால் மாதக் கொடுப்பனவில் கழிப்பது ஆகியவை தனித்தனி நிபந்தனைகளாக எழுதப்பட வேண்டும். அவ்வாறு எழுதாத திணைக்களம், வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ அழைக்கும் முதியவரின் உரிமையைத் தானே கைவிடுகிறது.

புதிய ஆணைக்குழுவும் சட்டமும் வந்தால் சீர்திருத்தம் முடிந்தது என எண்ணுவதும் தவறே. தேசிய பெறுகை ஆணைக்குழு 2015இல் 19ஆவது திருத்தத்தால் உருவாகி, 2020இல் 20ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்டு, 2022இல் 21ஆவது திருத்தத்தால் மீண்டும் வந்தது. அதன் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. எனினும், உடன்படிக்கையைக் கண்காணிக்கப் பெயர் குறித்து நியமிக்கப்பட்ட அலுவலர் இல்லாத இடத்தில், அல்லது அவர் இடமாற்றம் பெறும்போது குறைபாட்டுப் பதிவுகள் அடுத்தவரிடம் ஒப்படைக்கப்படாத இடத்தில், தண்டப்பண வாசகம் தாளிலேயே தங்கிவிடும்.

தகவலை மூடிவைப்பதும் இதனோடு சேர்ந்தது. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவைத் தாண்டும் கருத்திட்டங்கள் பற்றித் தொடங்குமுன்னரே மக்களுக்கு அறிவிக்க வேண்டுமென 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் விதிக்கிறது. கேட்டால் மட்டும் கொடுப்போம் என்ற மனப்பாங்குக்கு அங்கு இடமில்லை.

இறுதியாக, காலநீடிப்பு. உடன்படிக்கை முடிய ஒரு வாரம் இருக்கையில் விழித்துக்கொண்டு, சேவை தடைப்படக் கூடாதென்று பழைய ஒப்பந்தக்காரருக்கே மூன்று மாதம், பின்னர் இன்னும் மூன்று மாதம் என நீடிப்பது, போட்டியை ஓசையின்றி ஒழித்துவிடுகிறது. ஆவணத் தயாரிப்பு, விளம்பரம், மதிப்பீடு, மேன்முறையீடு ஆகியவற்றுக்கான காலத்தை முடிவுத் திகதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, புதிய விலைமனுக்கோரல் தொடங்க வேண்டிய நாளை, உடன்படிக்கை கைச்சாத்தாகும் அன்றே கோவையின் முதற்பக்கத்தில் எழுதிவைப்பது நல்லது.